இனம் எண் நாற்பத்தொன்று

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளன் நான்.
அனுப்பர்பாளையம் தாண்டி, பூட்டிய பனியன் கம்பெனி.
கதவுச் சீலில் அரக்கு இன்னும் கையில் ஒட்டுகிறது.

ஓவர்லாக் பதினெட்டு. பிளாட்லாக் பதினொன்று.
கம்ப்ரஸர் ஒன்று, ஓடுமா தெரியாது:
ஈபிக்காரர் பியூஸைப் பிடுங்கிப் பத்து நாள்.
பனியன் வேஸ்ட் மூட்டைகள், எண்ணவில்லை.

முதலாளி அறையில் நின்றது நாற்பத்தொன்றாவது.

முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பளிங்கு.
அதில் கிளம்பிய எஃகுத் தண்டு
செங்குத்தாய்ப் போய், ஏதோ நினைப்பு வந்தாற்போல் வளைந்து,
அறையைக் குறுக்கே கடந்து மேசைக்கு மேலே
ஒரு அலுமினியக் கும்பாவைக் கவிழ்த்துப் பிடித்திருந்தது.
சுவரைத் தொடவில்லை. கூரையில் ஒரு கொக்கி கிடையாது.
தெருவிளக்குக் கம்பம் ஒன்று
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மாதிரி.

எஃகு ஆறு கிலோ இருக்கும், அலுமினியம் ஒன்று.
பளிங்குக்குப் பழைய இரும்புக் கடையில் விலையில்லை.
'நின்ற விளக்கு, ஒன்று, ரூபாய் எழுநூறு.'
கல்லின் உடம்பில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு துளை,
டார்ச் அடித்தால் அந்தப் புறம் தெரிந்தது.
'சேதம்: கல்லில் ஓட்டை.'

திகம்பர் நாயக் சிரித்துவிட்டான்.
ஒடிசாக்காரன், அயர்னிங் மாஸ்டர்,
ஐந்து மாதச் சம்பளம் பாக்கி,
வாட்ச்மேன் வேலையும் இப்போது அவனே.
துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்து துளையில் செருகினான்;
அந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டியது.
"புடிங்க சார், அந்த முனைய."

தூக்கினோம்.
அறுபது கிலோவுக்குமேல், ஒரு துடைப்பக் கட்டையில் நடந்தது.
கல்லின் விளிம்புகளை மழுக்கியிருந்தார்கள்,
இருட்டில் தண்ணி குடிக்க எழுகிறவன் காலை நினைத்து.
கும்பாவின் உச்சியில் பொடித் துளைகள், சூடு ஏறிப்போக.
எங்கோ ஒருவன் உட்கார்ந்து விளக்கை வரைகிறபோது
அதற்கடியில் கூட்டுகிறவளையும் வரைந்திருக்கிறான்.
'சேதம்' என்றதை அடித்தேன்.

மிலானில் ஒரு பையர் திவாலாகி,
பாக்கிக்கு வந்தது இது ஒன்றுதான்,
திருப்பி அனுப்பின டீ-சர்ட் பெட்டிகளுக்கு நடுவே.
முதலாளி இதன் அடியில்தான் ஷேடு பார்ப்பாராம்.
கறுப்புக்கும் நேவிக்கும் உள்ள வழக்கு
இந்த வட்டத்தில் தீர்ந்துவிடும் என்றான் திகம்பர்.
அவருடைய கடன் கோப்பை முழுக்கப் படித்தவன் நான்.
அவ்வளவு தூரம் நீட்டின மனுசன்
கல்லை மட்டும் சின்னதாய் வைத்துவிட்டார்.

ரேஸ்கோர்ஸில் பழைய சாமான் விற்கும்
குழந்தைசாமிக்குப் படம் அனுப்பினேன்.
ஒரு நிமிஷத்தில் கூப்பிட்டார்.
"ஏனுங், அடியில முத்திரை இருக்குதுங்களா?
வருசம் அறுபதுக்கு அக்கட்டயா இக்கட்டயா, பாருங்."
மறுபடி தூக்கினோம். தூக்கினபடியே குனிந்து பார்த்தேன்.
இருந்தது.

அவர் சொன்ன தொகையை
இருபத்தொன்பது மெஷினும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலும்
எட்டாது.
"நீங்க எழுநூறுன்னே உட்ருங்.
மீதிய நாம பேசிக்கலாமுங்."

பொழுது இறங்கிவிட்டது.
இதன் வெளிச்சத்தை நான் பார்க்கவேயில்லை.
'நிலை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
திகம்பர் நாற்காலிமேல் ஏறினான்.
என் போனை வாங்கி, டார்ச்சைப் போட்டு,
ஜட்டி எலாஸ்டிக்கால் கும்பாவுக்குள் கட்டினான்.

மேசையில் வட்டமாய் விழுந்தது,
ஓரம் கத்தரித்த மாதிரி.
அதற்குள் என் கை, கார்பன் வைத்த தாள்,
'எழுநூறு' என்ற சொல்.

மேலே போன் அடித்தது. குழந்தைசாமியாகத்தான் இருக்கும்.
கும்பா உறுமியது. வட்டம் தாளின்மேல் நடுங்கியது.
"எடுத்துத் தரட்டா சார்?"
நாற்காலியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

சித்தெ இரு என்றேன்.
பூஜ்யங்களை எண்ணி எழுதவேண்டியிருந்தது.